கரைக்கு இது போதும்

ஜோதிகாவின் வண்டியில் ஆக்ஸிலேட்டர் ஒயர் அறுந்த அன்று நான் படகுக்குள் குனிந்து இன்ஜினுக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். திருவொற்றியூர்க் குப்பத்து மணலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றாள். என் தங்கை பச்சையம்மாவின் ஒரே மகள், இருபத்தோரு வயது. வியர்வை கழுத்துவரை இறங்கியிருந்தது. "மாமா, ஒயரு பிச்சிகினு வந்துடுச்சு. கடைல புதுசு கீதாம், வாங்கிக்கவா?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இன்றைக்கு இதையெல்லாம் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

"கடைக்குப் போறாளாம், கடைக்கு! மாமன் உசுரோட கீறப்பவேவா?" என்று சிரித்தேன். படகில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், பாவம்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகு இன்ஜினுக்கு எதை வாங்கினாலும் ஒரிஜினல்தான், பாக்கெட் பிரிக்காமல் வர வேண்டும். கடலுக்கு நடுவில் இன்ஜின் நின்றால் இறங்கித் தள்ள முடியாது, அதனால். படகில் கழித்துப்போட்டதெல்லாம் கரைக்கு வரும். டீசல் குழாய் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு, பழைய ரப்பர் வண்டியின் கால்மிதிக்கு, துருப்பிடிக்காத நட்டும் போல்ட்டும் எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே. உப்புக்காற்றில் கடைச் சாமான் மூன்று மாதம்கூடத் தாங்காது, படகுச் சாமான் மூன்று வருஷம் தாங்கும் என்பது எங்கள் கணக்கு. யாராவது முகம் சுளித்தால், கரைக்கு இது போதும் என்போம். இந்த வித்தையில் நான்தான் பெரிய ஆள். ஒரு வண்டியின் பிரேக் கட்டையை இன்னொரு வண்டிக்குப் போடுவேன், தண்ணீர் மோட்டாரின் ஆயில் சீலை வண்டியின் முன் ஃபோர்க்கில் சொருகுவேன். காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை 'ஜெகதீசன்கிட்ட போ, அவன் ஒண்ணுமில்லாததுல ஒண்ணு பண்ணிக் குடுப்பான்' என்பார்கள். அந்தப் பேச்சுக்கு நான் அடிமை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

படகில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரிலிருந்து இன்ஜினுக்கு ஒரு ஒயர் போகும். புதுசு மாற்றிவிட்டுப் பழையதைச் சுருட்டி வைத்திருந்தேன். சுத்தமான ஸ்டெயின்லெஸ், சுண்டுவிரலில் சுற்றினால் விறைத்துக்கொண்டு நிற்கும். அதை அளவாக வெட்டி, நுனியில் ஈயம் உருக்கிக் குண்டு வைத்து, வண்டியின் பழைய உறைக்குள் நுழைத்து மாட்டிவிட்டேன். கொஞ்சம் தடிமன்தான், இறுக்கமாகத்தான் போயிற்று. ஜோதிகா முறுக்கிப் பார்த்தாள். வண்டி உறுமியது. கையை விட்டாள். உறுமிக்கொண்டே இருந்தது.

"இன்னா மாமா, வுட்டா திரும்ப மாட்டேங்குது?"

"நீ திருப்பு, திரும்பும். போட்ல அப்பிடித்தான். லீவரை வச்ச எடத்துல நிக்கணும், அப்பதான் வலையைப் பாக்க முடியும்."

"இது போட் இல்லியே மாமா."

"போலீஸாவப் போறவளுக்கு மணிக்கட்டுல தம்மாத்தூண்டு வலு வோணாமா?"

அத்தோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டாள். போலீஸ் என்று சொன்னால் அவள் எதற்கும் மடங்குவாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். காவலர் எழுத்துத் தேர்வில் முதல் தடவையிலேயே பாஸ். இன்னும் மூன்று மாதத்தில் சுவரோடு நிற்கவைத்து உயரம் அளப்பார்கள், பிறகு ஓட்டம், தாண்டுதல், பந்து எறிதல். அதையும் முடித்துவிட்டால் உடுப்பு. எங்கள் குப்பத்திலிருந்து போலீஸ் உடுப்புப் போட்ட பெண் இதுவரை கிடையாது. போலீஸ் வந்தால் ஆம்பளைகள் படகில் ஏறி ஓடுகிற இடம் இது. தினமும் விடியும்போது தன் அப்பன் திருமலையின் வண்டியை எடுத்துக்கொண்டு ராயபுரத்தில் ஒரு மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டு வருவாள். பெயரில் ஒரு கேஸும் இருக்கக்கூடாது, சின்னக் கேஸ் இருந்தாலும் விசாரணையில் தள்ளிவிடுவார்கள் என்று பயிற்சி கொடுக்கிறவர் சொல்லியிருந்தாராம். அதனால் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி எடுக்க மாட்டாள். நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு மாதம் ஓட்டினாள். பழகிவிட்டது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்றால் மணிக்கட்டால் பின்னால் திருப்ப வேண்டும், அவ்வளவுதானே. நடுவில் மழை பிடித்தது. மழை விட்டபிறகு ஒருநாள் என் வாசலில் வந்து நின்று, "மாமா, ஒயரு ரொம்ப இறுகிப்போச்சு. ரெண்டு கையால திருப்ப வேண்டியதா கீது. மாத்திக் குடேன்" என்றாள். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பார்த்திருக்கலாம். "ரெண்டு சொட்டு எண்ணெ வுடு, எல்லாம் சரியாப்பூடும்" என்றேன். எண்ணெய் விட்டாள். நான் சொன்னதைத்தான் செய்தாள், அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் அது நடந்தது. ஒரு லாரியைத் தாண்டுவதற்காக முறுக்கியிருக்கிறாள். தாண்டிவிட்டாள். முன்னால் சாலையோரத்தில் ஒரு பெண் குனிந்து மண்ணைக் கூட்டிக்கொண்டிருந்தாள், ரமாபாய், வியாசர்பாடி ஹவுசிங்போர்டிலிருந்து காண்டிராக்டில் வருகிற துப்புரவுப் பணியாளர். ஜோதிகா முறுக்கைத் திருப்பினாள், அது வரவில்லை. பிரேக்கை மிதித்தாள், இன்ஜின் இழுத்துக்கொண்டே போனது. கிளட்சைப் பிடித்தாள், வண்டி ஊரே கேட்கிறமாதிரிக் கத்தியது, ஆனால் அதற்குள் சக்கரம் வழுக்கி வண்டி ரமாபாய்மேல் போய் மோதிவிட்டது. ஜோதிகாவுக்கு முழங்கையில் மட்டும் தோல் போயிற்று. ரமாபாய்க்கு இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. ஆம்புலன்ஸ் வரும்வரை அந்தம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாளாம் என் தங்கை மகள். ஓடிவிடு என்று ரெண்டு பேர் சொன்னார்களாம். இவளே போலீஸுக்குப் போன் போட்டாள். வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் திருமலையின் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். திருமலை ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பாப்பாராம் மச்சான். கன்னாபின்னான்னு சாமான் மாத்தியிருந்தா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிடுவானாம். ஆர்.சி. என் பேர்ல கீது. நஷ்டஈடு மொத்தம் என் தலையில. போட்டை வித்துட்டுப் போவ வேண்டியதுதான்" என்றான். அந்தக் குமாஸ்தா சொன்னது சட்டமா, அவன் வாய்க்கு வந்த சரக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாங்கள் இன்னொரு ஆளைக் கேட்கவும் இல்லை. எங்கள் இரண்டு குடும்பமும் அந்த ஒரு படகை நம்பித்தான் பிழைத்தது, படகு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே எங்கள் மூளை நின்றுபோயிற்று.

ஜோதிகா முழங்கைக் கட்டோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "அந்த இன்ஸ்பெக்டரு பாக்கட்டும்பா. ஒயரு திரும்பலன்னு அவரே எழுதட்டும். நான் வோணும்னு இடிக்கலன்னு அதுல தெரிஞ்சிடும். யாரும் வண்டி கிட்ட போவாதீங்க" என்றாள். திருமலை அவளைப் பார்க்கவே இல்லை. "மாமா, நீயாவது சொல்லு" என்றாள். நான் "பாக்கலாம் கண்ணு, பாக்கலாம்" என்றேன். பச்சையம்மா அடுப்படியிலிருந்து, "அவ தலையில கேஸ் வுழுந்துச்சுனா அவ செத்தே பூடுவா, சொல்லிட்டேன்" என்று கத்தினாள். "போட் போச்சுனா நாம எல்லாருமே சாவணும்" என்று திருமலை பதில் கத்தினான். ஜோதிகா தூங்கப் போனபிறகு அவன் என் தோளைத் தொட்டு வெளியே கூப்பிட்டான். "மாட்னவன் நீ, எடுக்கவேண்டியவனும் நீதான்" என்றான். என் பெயரும் கேஸில் வரும் என்பதை அவன் சொல்லத் தேவையே இல்லை.

மறுநாள் பேசின் பிரிட்ஜ் பக்கம் டெரிக்கைப் பார்க்கப் போனேன். பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கிற ஆள், எனக்குப் பதினைந்து வருஷத்து தோஸ்து. புது ஒயர் போட்டால் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பழசு வேண்டும், ஆனால் ஒரிஜினலாக இருக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"கேஸா மாமு?"

நான் தலையாட்டினேன். அவன் உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். அதில் பழைய ஒயர்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தான். "கோர்ட்டு சாமான்லாம் தனியா வச்சிகீறேன். துரு வண்டியோட வயசுக்குப் பொருந்தணும், இல்லனா மாட்டிக்குவ. எத்தினி வருச வண்டி உன்னுது?" என்று கேட்டான். என்னைப்போல எத்தனை பேர் வந்திருந்தால் இப்படி ஒரு டப்பா வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பழைய ஒயருக்குப் புதுசைவிட இரண்டு மடங்கு கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாகப் பேரம் பேசாமல் ஒரு சாமானை வாங்கினேன்.

"ஓட்னது யாரு?" என்றான் டெரிக், காகிதத்தில் சுற்றிக்கொண்டே.

"தங்கச்சி பொண்ணு."

சுற்றுவதை நிறுத்தினான். "வண்டி நல்லா கீதுன்னு எழுதிட்டா தப்பு யாரு மேல வுழும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சே கேக்குறியா?"

"குடுப்பா, வெயில் ஏறுது" என்றேன். அவனும் கொடுத்துவிட்டான், வியாபாரி.

ஸ்டேஷன் மதிலோரம் பிடித்துவைத்த வண்டிகள் வரிசையாகத் துருப்பிடித்துக்கொண்டு நின்றன. மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஆள் நடமாட்டம் இல்லை. ஜோதிகா ஆஸ்பத்திரியில் ரமாபாய்க்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தாள். நான் ஒரு பழைய தார்ப்பாயை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு மூடி போட வந்தவன்போலப் போய் உட்கார்ந்தேன். படகு ஒயரை உறையோடு அவிழ்த்துவிட்டேன். பாதி வேலையில் முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யோவ், அங்க என்ன நோண்டுற?"

ஒரு ஏட்டு. கையில் டிபன் டப்பா. "தார்ப்பா போட வந்தேன் சார். ஹேண்டில் ஆடுச்சு, அப்பிடியே முறுக்கி வுடலாம்னு" என்றேன். வாயில் வந்த பொய். அவர் என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார்.

"மெக்கானிக்கா? நல்லதாப் போச்சு. என் வண்டில கிளட்ச் இறுகிப்போய் விரலெல்லாம் நோவுது. இதை முடிச்சிட்டு அதையும் பாரு."

முடித்தேன். அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு பையன் படிப்பு, வீட்டு வாடகை என்று கதை பேசினார். கீழே விழுந்த ஸ்க்ரூவை அவரே பொறுக்கிக் கொடுத்தார். பிறகு அவர் வண்டியின் கிளட்சைத் தளர்த்திக் கொடுத்தேன். நான் காசு வாங்கமாட்டேன் என்றதும் அவர் டீ வாங்கிக் கொடுத்து, நல்ல மனுஷன்யா நீ என்றார். அந்த டீயையும் நான் குடித்தேன். படகு ஒயரைத் தார்ப்பாய்க்குள் சுருட்டிக்கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் எறிந்தேன். முங்கியது. வீட்டுக்கு வரும்போது, அப்பாடா என்றுதான் இருந்தது. அப்படித்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு நாள் கழித்துப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பன், மாமன், பெண் மூன்று பேரும் ஸ்டேஷனில் நின்றோம். அவர் பிரேக்கை மிதித்துப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார். பிறகு முறுக்கைத் திருப்பி விட்டார். டக்கென்று திரும்பியது. இன்னொரு தடவை செய்தார், இன்னொரு தடவையும் டக். ஜோதிகா ஒரு அடி முன்னால் வந்தாள். வண்டியைப் பார்த்தாள், தன் அப்பனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் மதிலில் ஒட்டியிருந்த கட்சிப் போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

உள்ளே பெண் எஸ்.ஐ. ஒருத்தர் இருந்தார். சின்ன வயது, கறாரான முகம். அவருடைய நட்சத்திரத்தையும் தொப்பியையும் ஜோதிகா பார்த்த பார்வையை, விபத்தன்று நாங்கள் ஸ்டேஷனுக்கு வந்தபோதே நான் கவனித்திருந்தேன். எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போய் ரமாபாயிடம் வாக்குமூலம் வாங்கி வந்திருந்தார். அதை எடுத்து எங்கள் முன்னால் போட்டார்.

"இந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? வண்டி தன்னால கத்திகினு வந்துச்சாம். பொண்ணு ரெண்டு கையால ஹேண்டிலோட மல்லுக்கட்டிச்சாம். ஒதுங்கு ஒதுங்குன்னு கத்திச்சாம், இவங்களுக்குத்தான் காலு நகரலியாம். பொண்ணு மேல தப்பே இல்ல, வண்டியைப் பாருங்கன்னு அழுவுது. இடுப்பு ஒடைஞ்சு கெடக்கிறவ இப்படிச் சொல்லுவாளா? ஆனா ரிப்போர்ட்ல வண்டி சுத்தமா இருக்கு." திருமலையின் பக்கம் திரும்பினார். "எவ்ளோ குடுத்து சொல்ல வச்சீங்க?"

"ஐயோ, சத்தியமா இல்ல மேடம்" என்றான் திருமலை. அது ஒன்றுதான் அவன் அன்று சொன்ன உண்மை.

"ஏழைங்கன்னா வாங்கிடலாம்னு நெனப்பு உங்களுக்கு."

அப்போது ஜோதிகா பேசினாள். குரல் நடுங்கவில்லை. "மேடம், அந்தக்கா பொய் சொல்லல. வண்டில போட் ஒயரு இருந்துச்சு. முறுக்கு திரும்பாது. ரெண்டு நாளைக்குள்ள மாத்திட்டாங்க. போட்டது என் மாமாதான். அவரு இங்கதான் நிக்கிறாரு, அவரையே கேளுங்க. அவரு என்கிட்ட பொய் சொல்ல மாட்டாரு."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். நான் அவளுக்குக் காது குத்தினபோது மடியில் வைத்திருந்தவன். தாய்மாமன். அவள் எழுத்துத் தேர்வில் பாஸான அன்று குப்பம் முழுக்க லட்டு கொடுத்தவன். ஒரு வார்த்தை போதும். சொன்னால் நான் உள்ளே போவேன், திருமலையின் படகு போகலாம், போகாமலும் இருக்கலாம். இவள் வெளியே வந்துவிடுவாள். திருமலை தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னய்யா, பொண்ணு சொல்றது நெசமா?"

"இல்ல மேடம்" என்றேன். "கொயந்த பயந்துபோய் கீது. இன்னா பேசுறோம்னு தெரியாம பேசுது."

ஜோதிகா அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ புரிந்துவிட்டதுபோல மெதுவாகத் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். எஸ்.ஐ. ஒரு பெருமூச்சு விட்டு, கைது செய்து இங்கேயே ஜாமீனில் விடுகிறேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று படிவத்தை இழுத்து எழுதத் தொடங்கினார். பெயர் கேட்டார், அப்பன் பெயர், வயது, முகவரி. எல்லாவற்றுக்கும் திருமலைதான் பதில் சொன்னான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்க அடையாளம் கேட்டார்கள். இடது கன்னத்து மச்சத்தைப் பெண் காவலர் ஒருத்தி பார்த்துச் சொன்னாள்.

"உயரம்?"

திருமலைக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

"சுவரோட நில்லும்மா" என்றாள் காவலர், கையில் அடிக்கோலை எடுத்துக்கொண்டு.

ஜோதிகா நகர்ந்தாள். சுவருக்கு முன்னால் போனதும் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்தாள். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள். குதிகால் இரண்டையும் சேர்த்தாள், முதுகைச் சுவரில் ஒட்டினாள், கைகளைத் தொடையோடு நேராக இறக்கினாள். முகவாயை நிமிர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்தாள். காவலர் அடிக்கோலைத் தலையில் படுக்கவைத்துச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டு அளந்தாள்.

"நூத்தி அறுபத்தி நாலு மேடம்."

"நல்ல உயரம்" என்றார் எஸ்.ஐ., எழுதிக்கொண்டே. "ஆச்சு, வாம்மா."

அவள் வரவில்லை. மூச்சை விடாமல், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, இன்னும் விறைப்பாகவே நின்றுகொண்டிருந்தாள்.